டி-ஷர்ட்டில் படம் போட டிடிஜியா, டிடிஎஃபா, சப்ளிமேஷனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் சின்னதாக ஒரு பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஃபோனில் வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஒரு பீஸ் என்ன ரேட்?" நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "துணி என்ன?" துணி தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். எத்தனை பீஸ், எந்த மாதிரிப் படம் என்பதெல்லாம் அப்புறம். ரேட் கடைசியில்தான் வரும். இந்த வரிசையை மாற்றிப் போட்டவர்கள் பணம் கொடுத்து வாங்கிய சட்டையை இரண்டாம் மாதம் தரை துடைக்கப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இந்தப் பதில்களைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

டிஜிட்டல் பிரிண்ட் என்கிறார்கள். அதில் எத்தனை வகை இருக்கிறது?

நம் வேலைக்கு வேண்டியது மூன்று.

டிடிஜி (டைரக்ட் டு கார்மென்ட்) என்பது தைத்த சட்டையை நேராக மெஷினில் விரித்துப் போட்டு அடிப்பது. வீட்டில் காகிதத்தில் அடிக்கும் இங்க்ஜெட் பிரிண்டரின் அதே தத்துவம்தான், காகிதத்துக்குப் பதில் துணி. நீரில் கலந்த பிக்மென்ட் (கரையாத நிறப்பொடி) இங்க் நூலுக்குள் இறங்குகிறது. பிறகு 160 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் அதைப் பதப்படுத்த வேண்டும்.

டிடிஎஃப் (டைரக்ட் டு ஃபிலிம்) முறையில் படம் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஃபிலிமில் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல அச்சாகும். முதலில் கலர், அதன் மேல் வெள்ளை. இங்க் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் பசைப் பவுடரைத் தூவி அடுப்பில் உருக்குவார்கள். அப்புறம் ஃபிலிமைச் சட்டைமேல் வைத்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்தி, ஃபிலிமை மட்டும் உரித்துவிட்டால் படம் துணியில் நிற்கும். எங்கள் ஊரில் ஹீட் பிரஸ்ஸை ஃப்யூசிங் மெஷின் என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒரே வேலைதான்.

சப்ளிமேஷன் மூன்றாவது. இதில் படத்தைக் காகிதத்தில் அடித்து, 190 முதல் 205 டிகிரி சூட்டில் துணிமேல் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

வினைல் என்று ஒன்றையும் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். அது பிரிண்ட் கிடையாது. கலர் ஷீட்டை எழுத்து வடிவில் மெஷின் வெட்டித் தர, அதைச் சூட்டில் ஒட்டுவது. ஜெர்சியில் பெயரும் நம்பரும் போட இன்றைக்கும் நல்ல முறை. ஃபோட்டோவுக்கு ஆகாது.

என் டி-ஷர்ட் காட்டனா பாலியஸ்டரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லேபிளை நம்பி மட்டும் வேலையை ஆரம்பிக்காதீர்கள். உள்பக்கத் தையல் ஓரத்தில் நாலைந்து நூலை இழுத்து எடுத்து, இடுக்கியில் பிடித்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கும், ஆறிய பிறகு நுனியில் கெட்டியாக ஒரு மணி நிற்கும். இரண்டும் கலந்து வந்தால் கலப்புத் துணி. தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், குழந்தைகள் அருகில் வேண்டாம்.

இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் போனதால் வரும் நஷ்டம் பெரிது. "காட்டன்தான்" என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டையில் பாதி பாலியஸ்டர் இருந்தால் டிடிஜி பிரிண்ட் முதல் துவையலிலேயே வெளிறும். குறை பிரிண்ட் அடித்தவர்மேல் வரும், ஆனால் காரணம் துணியில் இருக்கும்.

கறுப்பு காட்டன் சட்டையில் குடும்ப ஃபோட்டோ போட வேண்டும். டிடிஜியா, டிடிஎஃபா?

நல்ல கோம்ப்டு காட்டன் (குட்டை இழைகளைச் சீவி நீக்கிய நூல்) சட்டையாக, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) அளவில் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் டிடிஜி என்பேன். முகத்தின் தோல் நிறம், நிழல், முடி இதெல்லாம் டிடிஜியில் வரும் அழகு தனி. கையால் தடவினால் பெரும்பாலும் துணிதான் தெரியும், மேலே ஏதோ ஒட்டியதாகத் தெரியாது. காற்றும் போகும்.

ஆனால் கறுப்புச் சட்டை என்றதும் டிடிஜியில் வேலை இரட்டிப்பாகிறது. கறுப்பின்மேல் கலர் நேராகத் தெரியாது, கீழே ஒரு வெள்ளைப் படுகை வேண்டும். அந்த வெள்ளை இங்க் நூலுக்குள் மூழ்கிவிடாமல் மேலேயே நிற்க, அடிப்பதற்கு முன் சட்டையில் ஒரு மருந்துத் தண்ணீர் தெளித்துக் காயவைப்பார்கள். அதை பிரீட்ரீட்மென்ட் என்போம். அதில் உள்ள கால்சிய உப்பு, இங்க் பட்ட உடனே அதைத் திரளவைக்கும், தயிர் உறைவது மாதிரி. மருந்து குறைந்தால் வெள்ளை மங்கும், அதிகமானால் படம் துவைக்கும்போது பொருக்காக உதிரும். எந்தத் துணிக்கு எவ்வளவு என்பது கைப்பழக்கம். டிடிஜியில் ஒரு பட்டறைக்கும் இன்னொரு பட்டறைக்கும் தரம் இவ்வளவு மாறுவதற்கு மெஷினைவிட இந்தத் தெளிப்புதான் காரணம் என்பது என் அனுபவம்.

துணி சுமாரானது, அல்லது கலப்பு, அல்லது என்ன துணி என்றே தெரியவில்லை என்றால் டிடிஎஃப் போட்டுவிடுங்கள். அது காட்டன், பாலியஸ்டர், கலப்பு எதிலும் பிடிக்கும்.

டிடிஎஃப் போட்டால் நெஞ்சில் பிளாஸ்டிக் ஒட்டினதுபோல இருக்கிறதே?

உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. உருகிய பசை, வெள்ளை, கலர் மூன்றும் சேர்ந்து ஒரு மெல்லிய தோலாகத்தான் துணிமேல் நிற்கிறது. A4 அளவுக்கு முழுப் படத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு அக்னி நட்சத்திர வெயிலில் நடந்தால், அந்த இடத்தில் மட்டும் வியர்வை நின்று சட்டை உடம்போடு ஒட்டும்.

ஆனால் இதில் பாதிக்குமேல் டிசைனிலேயே சரிசெய்யலாம். கறுப்புச் சட்டைக்கு அடிக்கும் படத்தில் கறுப்பு வரும் இடங்களையெல்லாம் ஃபைலில் வெட்டி எடுத்துவிடுங்கள், சட்டையின் கறுப்பே அந்த வேலையைச் செய்யும். பின்னணி முழுக்க நிறம் நிரப்பிய கட்டமான படத்தைத் தவிருங்கள். பெரிய நிறப் பரப்பைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைத்துக் கொடுத்தால் இடையில் துணி மூச்சுவிடும், மடங்கும்போதும் விறைப்பு தெரியாது. இதைச் செய்துதரச் சொல்லி உங்கள் பிரிண்டரிடம் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் வந்த ஃபைலை அப்படியே ஓட்டிவிடுவார்கள்.

இடது நெஞ்சில் சின்ன லோகோ என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

சப்ளிமேஷன் காட்டனில் ஏன் வராது? ஒரு கடையில் வரும் என்றார்களே?

இந்த முறை 1957-இல் பிரான்சில், நோயல் தெ பிளாஸ் என்பவரின் கண்டுபிடிப்பு. சில சாயங்கள் சூடானால் திரவமாகாமல் நேரே ஆவியாகும். பாலியஸ்டர் இழை அந்தச் சூட்டில் இளகி, ஆவியை உள்ளே விட்டு, ஆறும்போது மூடிக்கொள்ளும். சாயம் உள்ளே சிறைப்பட்டுவிடுகிறது. அதனால்தான் தடவினால் எதுவும் தட்டுப்படாது, உரியாது, வெடிக்காது. துணி கிழிகிற வரைக்கும் படம் இருக்கும்.

காட்டன் இழை அப்படி இளகாது. அடித்தவுடன் நிறம் வந்ததுபோலத் தெரியும், இரண்டு துவையலில் வெளுத்துவிடும். காட்டனுக்கென்று பூசும் பூச்சும் ஷீட்டும் விற்கிறார்கள். அப்போது சாயம் பிடிப்பது அந்தப் பூச்சில், துணியில் இல்லை. அதற்கு டிடிஎஃப் போட்டுவிட்டுப் போகலாம்.

இன்னொரு கட்டுப்பாடு, சப்ளிமேஷனில் வெள்ளை இங்க் கிடையாது. வெள்ளை அல்லது வெளிர் நிறத் துணியில்தான் வேலை. கறுப்பு ஜெர்சி வேண்டும் என்றால் வெள்ளைத் துணியில் கறுப்பையும் சேர்த்து அடிக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கபடி அணிக்கு 14 ஜெர்சி. ஒவ்வொன்றிலும் பெயரும் நம்பரும் வேறு.

யோசிக்கவே வேண்டாம், சப்ளிமேஷன். வெள்ளைப் பாலியஸ்டர் துணியை முன்பக்கம், முதுகு, கை என்று தனித்தனியாக அடித்துத் தைப்பார்கள். தைத்த சட்டையில் அடித்தால் தையல் மடிப்பில் வெள்ளைக் கோடு விழும், அதனால் தைப்பதற்கு முன்பே அடிக்கிற இடத்தில் கொடுங்கள். பெயர் மாறுவதற்கென்று தனிச் செலவு எதுவும் கேட்கக் கூடாது, கம்ப்யூட்டரில் எழுத்தை மாற்றுவது மட்டும்தான் வேலை. ஆனால் பெயர்ப் பட்டியலை எழுத்துப்பிழை பார்த்து, அளவோடு, ஒரே தாளில் கொடுங்கள். பெயர் ஒரு சைஸுக்கும் சட்டை இன்னொரு சைஸுக்கும் மாறிப்போவதுதான் இந்த வேலையில் வழக்கமாக நடக்கும் தவறு.

ஸ்கிரீன் பிரிண்ட் காலம் முடிந்துவிட்டதா?

நிச்சயமாக இல்லை. ஸ்கிரீன் பிரிண்ட் என்பது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வலைச் சட்டம் (ஸ்கிரீன்) செய்து, அதன் வழியாக இங்க்கைத் துணியில் இழுத்து அடிப்பது. திருப்பூரிலிருந்து ஏற்றுமதியாகும் பெரிய லாட்டுகளில் ஸ்கிரீன் பிரிண்ட்தான் இன்னும் பெரும்பங்கு. தைப்பதற்கு முன், வெட்டிய பீஸிலேயே மேஜையில் வரிசையாக ஒட்டி அடித்துக்கொண்டே போவார்கள்.

எத்தனை பீஸுக்கு மேல் ஸ்கிரீன் லாபம் என்பது நிறங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கணக்குப் புரிவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்கிரீன் செய்ய 500 ரூபாய், ஒரு நிறம் அடிக்க பீஸுக்கு 5 ரூபாய், அதே படத்துக்கு டிடிஎஃப் பீஸுக்கு 60 ரூபாய். ஒரே நிறப் படம் என்றால் பத்து பீஸுக்கு ஸ்கிரீன் 550, டிடிஎஃப் 600. பத்திலேயே ஸ்கிரீன் முந்திவிட்டது. நாலு நிறம் என்றால் ஸ்கிரீனுக்கே 2,000 போய்விடும், 50 பீஸில்தான் இரண்டும் 3,000-இல் சமமாகும். அடர்நிறச் சட்டை என்றால் நிறங்களுக்குக் கீழே போடும் வெள்ளைக்கு இன்னொரு ஸ்கிரீன் வேண்டும் என்பதால் அந்த 50 இன்னும் மேலே போகும். ஃபோட்டோ மாதிரிப் படமாக இருந்தால் ஸ்கிரீனுக்குச் சிறிய எண்ணிக்கையில் வழியே இல்லை.

நாலு மாணவர்கள் நாலு விதமான டிசைனைக் கொண்டுவந்து "மொத்தம் 100 பீஸ், அதனால் ஸ்கிரீன் போடலாமா?" என்று கேட்பதுண்டு. அது 100 இல்லை, நாலு தடவை 25. கணக்கைப் படத்துக்குப் படம் தனியாகப் போட வேண்டும்.

டிடிஎஃப் ஃபிலிமை மீட்டர் கணக்கில் வாங்கினால் மலிவா?

ஆமாம், இடத்தை வீணாக்காவிட்டால். சாதாரணமாக ஓடும் ரோல் 60 சென்டிமீட்டர் அகலம், அதில் அடிக்கக்கூடிய அகலம் சுமார் 56 முதல் 58 வரை. 28 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரமுள்ள படம் என்றால் ஒட்ட ஒட்ட வைத்து ஒரு மீட்டரில் பத்து வரும். உயரம் மாறாமல் அகலம் மட்டும் 30 ஆனால், படத்தைத் திருப்பாமல் வைக்கும்போது ஒரு வரிசைக்கு ஒன்றுதான், மீட்டருக்கு ஐந்து. இரண்டு சென்டிமீட்டரில் செலவு இரண்டு மடங்காகிவிட்டது பாருங்கள். மீதி இடுக்குகளில் கழுத்து லேபிள், கைக்குச் சின்ன லோகோ என்று நிரப்பிக் கொடுங்கள். அவை பெரும்பாலும் கூடுதல் செலவில்லாமலே வந்துவிடும்.

நாலு துவையலில் பிரிண்ட் உரிகிறது. எது தவறு?

இதற்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். பட்டறை தொடங்கிய புதிதில் ஒரு திருவிழாவுக்கு டிடிஎஃபில் 60 சட்டை அடித்தோம். கொடுக்கும்போது எல்லாம் நன்றாக இருந்தது. பத்து நாளில் ஃபோன் வந்தது, எல்லாச் சட்டையிலும் படத்தின் இடதுபக்க ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இங்க்கைச் சந்தேகப்பட்டேன், பவுடரை மாற்றினேன். கடைசியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால், ஹீட் பிரஸ்ஸின் திரையில் 160 என்று காட்டுகிறது, தட்டின் இடது ஓரத்தில் அதைவிட 25 டிகிரி குறைவு. உள்ளே இருந்த சூட்டுக் கம்பியின் ஒரு பகுதி வேலை செய்யவில்லை. அத்தனை சட்டையையும் திருப்பி வாங்கி மறுபடி அழுத்திக் கொடுத்தோம். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை தட்டின் நாலு மூலையையும் நடுவையும் அளக்காமல் வேலையைத் தொடங்குவதில்லை.

டிடிஎஃப் உரிவதற்குப் பெரும்பாலும் இந்த மாதிரிக் காரணங்கள்தான். சூடு போதாது, அழுத்தம் போதாது, பவுடர் அடுப்பில் சரியாக உருகவில்லை. அல்லது ஆறிய பிறகு உரிக்க வேண்டிய ஃபிலிமை அவசரப்பட்டுச் சூட்டோடு உரித்துவிடுவது. சூட்டோடு உரிக்கும் ஃபிலிமும் உண்டு, எது உங்களுடையது என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 150 முதல் 160 டிகிரியில் 10 முதல் 15 வினாடி அழுத்தி, உரித்த பிறகு மேலே ஒரு காகிதம் வைத்து இன்னும் சில வினாடி அழுத்துங்கள். இந்த இரண்டாவது அழுத்தத்தை அவசரத்தில் விட்டுவிடுபவர்கள் அதிகம். நேர்த்தியாகப் பிடிப்பதும், பளபளப்பு அடங்கித் துணியோடு ஒன்றுவதும் அதில்தான்.

சட்டையை வைத்ததும் படம் வைக்காமல் நாலைந்து வினாடி வெறுமனே அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது கட்டாயம். அந்த மாதங்களில் பவுடரும் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கட்டிகட்டியாகிவிடும், டப்பாவை இறுக்கி மூடிவையுங்கள். போலோ சட்டையில் பட்டனும் காலரும் தட்டைத் தூக்கிப் பிடித்து அழுத்தத்தைக் கெடுக்கும். அந்த இடத்தை வெளியே தள்ளிவிட்டு, படம் வரும் இடத்துக்குக் கீழே ஒரு பஞ்சுத் தலகாணி வையுங்கள்.

சிவப்பு ஜெர்சியில் போட்ட வெள்ளை எழுத்து மறுநாள் ரோஸ் ஆகிவிட்டதே?

பாலியஸ்டரைச் சாயமேற்றுவதும் அதே ஆவியாகும் சாயத்தில்தான். நீங்கள் ஹீட் பிரஸ்ஸில் சூடு கொடுத்ததும் துணியின் சிவப்பு மேலே எழும்பி வெள்ளைக்குள் ஏறிவிடுகிறது. உடனே தெரியாது, சில மணி நேரமோ சில நாளோ கழித்துத்தான் தெரியும். அதனால் தவறு வெளியே வரும்போது சட்டை உரியவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். குறைந்த சூட்டில் ஒட்டும் பவுடரும், சாயத்தைத் தடுக்கும் கறுப்புப் பவுடரும் இதற்கென்றே கிடைக்கின்றன. சிவப்பு, மெரூன், கருநீலம் என்றால் ஒரு பீஸ் போட்டு இரண்டு நாள் வைத்துப் பாருங்கள்.

தமிழில் எழுதிய வாசகம் போட வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை, ஆனால் எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முதலில் ஃபைல். உங்கள் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும் தமிழ், பிரிண்டரின் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் கட்டங்களாகவோ வேறு எழுத்துகளாகவோ மாறும். பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அடித்தது ஃபான்ட் இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். யூனிகோடில் அடித்தாலும், பழைய டிசைன் மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' உடைந்து தனித்தனியாக நிற்கும். அதனால் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிக் கொடுங்கள், கூடவே சரியான தோற்றத்தை ஒரு படமாகவும் அனுப்புங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அடிப்போம்.

அப்புறம் புள்ளி. வினைலில் வெட்டும்போது ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு. வேண்டாத ஷீட்டை உரித்தெடுக்கும்போது அந்தச் சின்ன வட்டம் சேர்ந்து போய்விடும். ஆங்கிலத்தில் ஒரு ஐயின் தலைப்புள்ளி போனாலும் படித்துவிடலாம். நம் மொழியில் மெய்யெழுத்து உயிர்மெய்யாகி வார்த்தையே மாறும். 'கல்' என்று வெட்டியது 'கல' ஆகிவிடும். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுங்கள், அல்லது டிடிஎஃப், டிடிஜிக்குப் போங்கள். டிடிஎஃபிலும் மிகச் சன்னமான கோட்டுக்குப் பவுடர் போதுமான அளவு ஒட்டாது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்தால் புள்ளியும் சுழியும் தங்கும். 'ண', 'ன' சுழிகளுக்குள் இருக்கும் இடைவெளி அடைபடாத தடிமனில் ஃபான்ட் தேர்ந்தெடுங்கள்.

படத்தை எப்படி அனுப்ப வேண்டும்?

வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சட்டையில் வரவேண்டிய அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும். அதாவது 12 அங்குல அகலப் படத்துக்கு 3,600 பிக்சல். பின்னணி இல்லாத பிஎன்ஜி நல்லது. ஓரங்களில் புகைபோல மங்கிக் கரையும் நிழல் இருந்தால் டிடிஎஃபில் அங்கே வெள்ளை விளிம்பு எட்டிப்பார்க்கும். ஓரத்தைத் தெளிவாக வெட்டியோ, புள்ளிகளாக மாற்றியோ கொடுங்கள்.

ஃபோன் திரையில் தெரிகிற அதே நிறம் வருமா?

அப்படியே வராது. திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, துணி இங்க்கால். கண்ணைப் பறிக்கும் பச்சை, மின்னும் ஆரஞ்சு, ஊதா கலந்த நீலம் இவை கொஞ்சம் அடங்கித்தான் வரும். கம்பெனி லோகோவுக்கு நிறம் துளியும் மாறக் கூடாது என்றால் இங்க்கைக் கலந்து நிறம் பிடிக்கும் ஸ்கிரீன் பிரிண்ட்தான் நம்பிக்கையானது.

டிடிஜி சட்டை வந்தது. படத்தைச் சுற்றிக் கட்டமாகக் கறையும் ஒரு புளித்த வாசனையும் இருக்கிறது.

பிரீட்ரீட்மென்ட் மருந்தின் தடம் அது. பெரும்பாலும் ஒரு துவையலில் போய்விடும். போகாமல் மஞ்சளாக நின்றால் சூடு அதிகமாகி மருந்து கருகியிருக்கிறது, மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எப்படித் துவைக்க வேண்டும்?

அடித்த அன்றே துவைக்காதீர்கள், ஒரு நாளாவது விடுங்கள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பச்சைத் தண்ணீரில், பிளீச் இல்லாமல். கல்லில் அடிப்பதும் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் டிடிஎஃபுக்கும் வினைலுக்கும் ஆகவே ஆகாது. நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரிப் பெட்டி படத்தின்மேல் நேராகப் படக்கூடாது, கடையில் கொடுக்கும்போதும் சொல்லிவிடுங்கள். சப்ளிமேஷன் சட்டைக்குத் தேய்ப்புப் பயம் இல்லை, அதிகச் சூடு மட்டும் வேண்டாம்.

கைக்குழந்தைச் சட்டையில் பிரிண்ட் போடலாமா?

போடலாம், ஆனால் இங்க்கின் சான்றிதழைக் கேளுங்கள். அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பொருள்களில் ஈயத்தையும் தாலேட் என்னும் இளக்கிகளையும் கட்டுப்படுத்துகிறது, பிளாஸ்டிசால் என்னும் பிளாஸ்டிக் வகை ஸ்கிரீன் இங்க்குகளில் இந்தத் தாலேட்தான் முக்கியக் கவலை. தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் ஓயெகோ-டெக்ஸ் அமைப்பின் ஈகோ பாஸ்போர்ட் சான்று உள்ள இங்க்குகள் கிடைக்கின்றன. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு என் விருப்பம் காட்டனில் டிடிஜி, அல்லது பிக்மென்ட் ஸ்கிரீன், அதுவும் சின்னதாக. குழந்தை வாயில் வைத்துச் சப்பும் இடங்களான கழுத்து, கை ஓரங்களில் எதுவும் வேண்டாம்.

எது சுற்றுச்சூழலுக்குக் குறைந்த கெடுதல்?

நொய்யல் கரையில் வாழ்கிற எங்களுக்கு இது வெறும் கேள்வி இல்லை. சாயக் கழிவு ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த வயல்கள் கெட்டதைப் பார்த்த தலைமுறை இது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றது. அந்தக் கழிவு பெரும்பாலும் துணிக்குச் சாயமேற்றுவதில் வந்தது, பிரிண்டில் வந்தது குறைவு. ஆனாலும் ஸ்கிரீன் கழுவும் தண்ணீரும் கழிவுதான்.

அந்த வகையில் டிஜிட்டல் மூன்றும் தண்ணீரை மிகக் குறைவாகச் செலவழிக்கின்றன. ஆனால் டிடிஎஃபில் உரித்துப் போடும் ஃபிலிம் மலைபோல் சேர்கிறது. பூச்சும் மிச்சப் பவுடரும் ஒட்டிய அந்த ஃபிலிமைப் பழைய பொருள் எடுப்பவர்களும் வாங்குவதில்லை. பவுடர் உருகும்போது வரும் புகையை மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை, புகைபோக்கி இல்லாத அறையில் யாரையும் வேலைக்கு நிறுத்தாதீர்கள். சப்ளிமேஷனில் மிஞ்சுவது காகிதம். டிடிஜியில் கையில் மிஞ்சுவது அநேகமாக ஒன்றும் இல்லை, ஹெட் (இங்க்கைத் தெளிக்கும் பாகம்) சுத்தம் செய்யும்போது வடிகிற இங்க் தவிர.

வீட்டிலிருந்தே தொழில் தொடங்க நினைக்கிறேன். எந்த மெஷின் வாங்கலாம்?

முதலில் ஹீட் பிரஸ் மட்டும் வாங்குங்கள், நல்லதாக. டிடிஎஃப் ஃபிலிமை மீட்டர் கணக்கில் வெளியே அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பூரின் ஆடைச் சந்தையான காதர்பேட்டையில் வெற்றுச் சட்டை எடுத்து, ஆர்டர் வந்தால் ஒட்டிக் கொடுங்கள். முதலீடு சிறியது, ராத்திரி தூக்கம் கெடாது.

பிரிண்டர் வாங்குவதற்கு அவசரப்பட வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் வெள்ளை இங்க். அதில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது, சும்மா நின்றால் அடியில் படியும். நாலு நாள் ஆர்டர் இல்லை என்று மெஷினை அணைத்து வைத்தால் குழாயிலும் ஹெட்டிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். ஹெட் மாற்றும் செலவு பிரிண்டர் விலையில் பெரிய பங்கு. தினமும் கொஞ்சமாவது ஓட்ட வேண்டும், காலையில் நாசில் (ஹெட்டில் இங்க் வரும் துளைகள்) சரிபார்க்க வேண்டும், ஹெட்டின் வாயை மூடும் ரப்பர் மூடியைத் துடைக்க வேண்டும். எப்சன் எல்1800 மாதிரி ஃபோட்டோ பிரிண்டரை மாற்றியமைத்து டிடிஎஃப் ஆக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். விலை குறைவு என்பது சரி. ஆனால் வெள்ளை இங்க் சுற்றிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு அதில் இயல்பாகக் கிடையாது, கற்றுக்கொள்கிற காலத்தில் அதனோடு போராடியே பலர் தொழிலை விட்டுவிடுகிறார்கள். பிரதர், எப்சன், கார்னிட் போன்ற கம்பெனிகளின் டிடிஜி மெஷின்கள் வேறு உயரம், தினமும் ஆர்டர் உள்ளவர்களுக்கு.

மாதம் எத்தனை மீட்டர் வெளியே வாங்குகிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்தத் தொகை மெஷினின் மாதத் தவணையையும் ஓர் ஆள் சம்பளத்தையும் ஆறு மாதம் தொடர்ந்து தாண்டினால் அப்போது வாங்குங்கள்.

நடிகர் படம், ஐபிஎல் அணி லோகோ போட்டுத் தருவீர்களா?

உரிமை பெற்றதற்கான கடிதம் இருந்தால். படத்துக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், லோகோவுக்கு 1999-ஆம் ஆண்டு வணிகச்சின்னச் சட்டமும் இருக்கின்றன. விற்பனைக்கு அடித்தால் அடித்தவரும் விற்றவரும் இருவருமே மாட்டுவார்கள்.

மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் முன் என்ன சோதிக்க வேண்டும்?

அதே துணி, அதே நிறம், அதே படத்தில் ஒரு சாம்பிள் வாங்குங்கள். வேறு சட்டையில் போட்ட சாம்பிளை ஏற்காதீர்கள். நனைத்த வெள்ளைத் துணியால் படத்தைப் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள், நிறம் இறங்கக் கூடாது. படத்தின் குறுக்கே இரு பக்கமும் பிடித்து இழுங்கள், விட்டதும் வெடிப்பு தெரியக் கூடாது. ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில் வழக்கமாகத் துவைக்கிற மாதிரியே ஐந்து முறை துவையுங்கள். துவைப்பதற்கு முன்னும் பின்னும் சட்டையின் நீளத்தை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள், துணி சுருங்கினால் நல்ல பிரிண்ட்டும் சுருக்கம் விழுந்து நிற்கும். இதற்கு ஒரு வாரம் ஆகும். திருவிழாவுக்கோ கல்லூரி விழாவுக்கோ ஒரு மாதம் முன்னதாகவே பேச ஆரம்பித்தால் அந்த ஒரு வாரம் உங்கள் கையில் இருக்கும்.